கடைசி வரிசையில் ஒரு கை

அப்பாவின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள் பாப்பு. பன்னிரண்டு மணிக்குள் மருத்துவமனைக்கு அனுப்பினால்தான் அவருக்கு உடுத்திப் பெட்டியில் வைத்து, அம்மா பாடும் அரங்கத்துக்குக் கொண்டுவருவார்கள். காலர் எவ்வளவு அழுத்தினாலும் படியவில்லை. குளியலறையில் அம்மா வெந்நீரில் உப்பைக் கலந்து தொண்டையைக் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, வாயைத் திறக்காமலே ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்ற ஆரம்பித்தாள்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. கூடப் பிறந்த அண்ணன் நேற்றுக் காலைதான் கண்ணை மூடியிருக்கிறார். அண்ணி இன்று தொண்டையைச் சரிபார்க்கிறாள்.

"இன்னிக்குமா பாடணும் உங்கம்மா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"நல்லாப் பாடுறாங்கன்னு நினைப்பாங்க அத்தை" என்றாள் பாப்பு. சட்டையைத் திருப்பிப் போட்டாள். அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.

பாப்பு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாளே தவிர, படிந்த கையையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பாடுவதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. பாடுவதற்கு முன்னால் தான் செய்ய வேண்டிய வேலையை நினைத்துத்தான் கலக்கம்.

அம்மா சொப்ரானோ. பெண்குரல்களில் ஆக உச்சத்தில் பாடுகிறவர்களுக்கு அப்படிப் பெயர். முப்பத்தைந்து வருஷம், பத்தொன்பது நாடுகள். அறுபது வாத்தியங்கள் ஒன்றாக முழங்கும்போதும் மைக் இல்லாமல் அத்தனையையும் தாண்டிப் போகும் குரல். ஆப்பரா என்னும் மேற்கத்திய இசை நாடக மேடையில் விஷம் குடித்தும் கத்தியால் குத்திக்கொண்டும் காசநோய் கண்டும் நூறு தடவையாவது செத்திருப்பாள். வீட்டில் தலைவலி என்றுகூட ஒரு நாள் படுத்ததில்லை. பத்திரிகைகள் அவளைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடின. அம்மா எதையும் படிக்க மாட்டாள். அவளுக்கு வேண்டிய விமர்சனம் ஒன்றே ஒன்றுதான், அது கடைசி வரிசையிலிருந்து வரும்.

அப்பா அரங்கங்களில் நாற்காலி பழுதுபார்ப்பவர். அம்மா முதன்முதலில் பெரிய மேடை ஏறிய அன்று, மேல் பால்கனியின் கடைசி வரிசையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு இருக்கையின் ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டிருந்தார். ஒத்திகை முடிந்ததும் கீழே நின்றவர்கள் எல்லோரும் ஆஹா ஓஹோ என்றார்கள். அம்மா யாரையும் நம்பாமல் நிமிர்ந்து பார்த்து, மேலே இருக்கிறவரே, வார்த்தை புரிந்ததா என்று கேட்டாள். வாயில் கவ்வியிருந்த ஆணியை எடுத்துவிட்டு அவர் இல்லை என்றார். நாலு மாதத்தில் கல்யாணம்.

அன்றிலிருந்து எந்த ஊரானாலும் அதுதான் வழக்கம். முந்தைய நாள் காலி அரங்கத்தில் அப்பா ஆக மேலே ஏறிக் கடைசி வரிசையில் உட்காருவார். அம்மா ஒரு வரி பாடுவாள். வார்த்தை தெளிவாக வந்து சேர்ந்தால் அப்பாவின் வலது கை உயரும். இல்லாவிட்டால் முழங்காலிலேயே கிடக்கும். கை உயரும்வரை அம்மா இடத்தை மாற்றுவாள், திரும்பி நிற்பாள், மறுபடி பாடுவாள். அதற்கப்புறம்தான் வாத்தியக்காரர்களை உள்ளே விடுவார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் காது கேட்காமல் போயிற்று. டாக்டரிடம் கூட்டிப்போனது பாப்புதான். வாங்கிக் கொடுத்த மெஷினை ஒரே ஒரு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, அதில் அம்மாவின் குரல் தகரத்தில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறதென்று கழற்றிக் காலுறைகளுக்கு அடியில் போட்டுவிட்டார். அப்புறம் எப்படிக் கை தூக்குகிறீர்கள் என்று பாப்பு ஒரு தாளில் எழுதிக் கேட்டாள். பாடி முடித்ததும் அவள் என்னைப் பார்ப்பாள், அப்போது தூக்குவேன் என்றார் வெகு சாதாரணமாக. அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

முந்தாநாள் மருத்துவமனையில் அம்மா காபி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்துப் பாப்புவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவ நம்ம அரங்கத்துலதான் என்னை வழியனுப்புவா. பாடுவா. நீ மேல போ. கேட்டாலும் கேக்கலைன்னாலும் கையத் தூக்கிடு. அடுத்த மாசம் அவ தனியாப் போய்ப் பாடணும், அவளுக்குப் பயம் வந்துரக் கூடாது."

பாப்பு தலையை ஆட்டினாள். அவர் அவளிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

தலையை ஆட்டுவது எளிதாக இருந்தது. ஆனால் பாப்புவின் பிழைப்பு பல்செட் செய்வது. கால் மில்லிமீட்டர் கூடினாலும் மறுநாளே ஆள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். இருபது வருஷமாக, சரியில்லாததைச் சரி என்று சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை.

மூன்று மணிக்கு அரங்கத்தில் நாலே பேர்தான். மேடையின் நடுவில் அப்பாவின் பெட்டி இருந்தது. அத்தை முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரங்கக் காவலர் ஏசியை நிறுத்திவிட்டு வந்தார்; அம்மா பாடும்போது அந்த இரைச்சல் ஆகாது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அஞ்சலிக்கு வருகிறவர்களுக்காக நாலு மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும்.

அம்மா பெட்டியின் பக்கத்தில் போய் நின்றாள். கருநீல உடை, வாரி முடிந்த கொண்டை. அழுத முகம்தான், ஆனால் முதுகு வளையவில்லை.

"பாப்பு, மேல போ" என்றாள்.

நூற்றுப் பன்னிரண்டு படிகள். பாப்பு மூச்சிரைக்க ஏறிக் கடைசி வரிசையில் ஓர் இருக்கையில் உட்கார்ந்தாள். அது முனகவில்லை. அப்பா பழுது பார்த்ததாக இருக்கும். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

கீழே அம்மா பாடினாள்.

குரல் வந்தது, அழகாகத்தான் வந்தது. வார்த்தைதான் வரவில்லை. பாதி வழியில் கரைந்துபோய் வெறும் இனிமை மட்டும் மேலே வந்து சேர்ந்தது. பாடி முடித்து அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

கையைத் தூக்கிடு என்றார் அப்பா. தூக்குவதற்கு ஒரு நொடி ஆகாது. தூக்கினால் அம்மா சந்தோஷமாகப் பாடுவாள், கீழே வருகிற அத்தனை பேரும் அழுவார்கள், அடுத்த மாதம் அவள் விமானம் ஏறுவாள். அங்கே கடைசி வரிசைக்காரர்கள் வார்த்தை புரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பாப்புவின் கை கல்லாகக் கிடந்தது. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறோம் என்று தெரிந்தே அவள் கையைத் தூக்கவில்லை.

"கேக்கலையா?" அம்மாவின் பேச்சுக்குரல் தெளிவாக மேலே வந்தது.

"இல்லம்மா."

அத்தை திரும்பி, இந்த நேரத்தில் இது தேவையா என்பதுபோல் மேலே முறைத்தாள். அம்மா பெட்டியின் விளிம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

"மேலேர்ந்து இல்லைன்னு ஒரு பதில் வந்து ஆறு வருஷமாச்சு" என்றாள்.

பாப்பு மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாக ஆறு வருஷம்தான். அப்பாவும் மகளும் மட்டுமே கட்டிக் காத்ததாக நினைத்திருந்த ரகசியத்தில் முதல் நாளிலிருந்தே மூன்று பேர் இருந்திருக்கிறார்கள்.

"எதனாலன்னு சொல்லு" என்றாள் அம்மா. குரலில் நடுக்கம் இல்லை; வேலை நேரத்துக் குரல் அது. "எனக்கு வயசாயிடுச்சா?"

பாப்பு எழுந்து கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மேலேயிருந்து பார்த்தால்தான் அது தெரிந்தது.

"நீங்க குனிஞ்சு பாடுறீங்கம்மா. அப்பாவப் பாத்துப் பாடுறீங்க."

அம்மா பெட்டியைப் பார்த்தாள். விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். ஆறடி முன்னால் நடந்து மேடையின் ஓரத்துக்கு வந்தாள். இப்போது அப்பா அவளுக்கு முதுகுப்பக்கம் இருந்தார். தோளைத் தளர்த்தி, முகவாயை உயர்த்தி, கடைசி வரிசையைப் பார்த்து அதே வரியை எடுத்தாள்.

ஒவ்வொரு வார்த்தையும் முழுசாக வந்தது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து யாரோ சொல்வதுபோல் வந்தது. பாப்பு கையைத் தூக்கினாள்.

வழக்கமாகக் கை உயர்ந்ததும் அம்மா அந்த வரியோடு நிறுத்திவிடுவாள். இன்று நிறுத்தவில்லை. அடுத்த வரிக்குப் போனாள், அதற்கடுத்ததற்கும் போனாள். அத்தை கைப்பையைக் கீழே வைத்தாள். காவலர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கதவைத் திறக்காமலே அதன்மேல் சாய்ந்துகொண்டார்.

பாட்டு முடியும்வரை பாப்பு கையை இறக்கவில்லை.