ஹவுஸ்ஃபுல் போர்டும் இரண்டு காலி இருக்கைகளும்

சகலையின் படம் ஓடுகிறது என்பதைத் தியேட்டர் முதலாளி முதலில் காதால்தான் தெரிந்துகொண்டார். அவருடைய அலுவலக அறைக்கு அடுத்த சுவரில்தான் சின்ன அரங்கு ஒட்டிக்கொண்டிருந்தது. சண்டைப் படம் ஓடினால் அந்தச் சுவர் அதிரும். பேய்ப் படம் ஓடினால் அலறல் கேட்கும். இந்த வெள்ளிக்கிழமையிலிருந்து கேட்டது சிரிப்பு. முதலில் குழந்தைகள் சிரிப்பார்கள், பிறகு பெண்கள், கடைசியில் ஆண்களும் சேர்ந்துகொள்ள, பால் பொங்குகிற மாதிரி எழும். ஒவ்வொரு முறை எழும்போதும் முதலாளிக்கு வயிறு எரிந்தது.

அவரும் ஒரு காலத்தில் படம் எடுத்தவர். கப்பலில் ஒரு பாட்டு, மலை உச்சியில் ஒரு பாட்டு, கதாநாயகனின் நாய்க்குக்கூடத் தனி வண்டி என்று பணத்தைத் தண்ணீராய் இறைத்தார். படம் மூன்றாம் நாளே சுருண்டுகொண்டது. கையைச் சுட்டுக்கொண்டதில் சொத்தில் பாதி போய், இந்த இரண்டு அரங்குகள் மட்டும் மிஞ்சின.

சகலை, அதாவது அவர் மனைவியின் தங்கை கணவர், பெயின்ட் கடைக்காரர். கடையை அடகு வைத்து ஒரு குடும்பச் சிரிப்புப் படம் எடுத்திருந்தார். பட்ஜெட் என்று வாயைத் திறந்து சொல்லவே கூச்சப்பட வேண்டிய பட்ஜெட். முழுப் படமும் ஒரே வீட்டில், அதுவும் அவர் சொந்த வீட்டில். சுவருக்குக் கடையில் விற்காமல் கிடந்த பெயின்ட். நடிகர்கள் தங்கள் வீட்டுத் துணியையே உடுத்திக்கொண்டு வந்து நடித்தார்கள். கூடத்தில் கிடந்த சோபாகூட முதலாளி வீட்டிலிருந்து போனதுதான். பழசாகிவிட்டது என்று அக்கா தங்கைக்குத் தள்ளிவிட்டது. புதிதாக இருந்தபோது அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற முதலாளி யாரையும் விட்டதில்லை. உட்கார்ந்தால் வழுக்கும், எழுந்தால் சர்ரென்று சத்தம் போடும். படத்தில் வருகிற அப்பாவும் உறையைக் கழற்ற விடமாட்டார் என்று முன்னோட்டத்தில் பார்த்தபோதே முதலாளிக்குச் சுருக்கென்றது.

பங்கு போடச் சொல்லி சகலை முதலில் வந்தது அவரிடம்தான். கதையைப் பாதி கேட்டதுமே முதலாளி கையை உயர்த்திவிட்டார்.

“சோபாவை வச்சு ஒரு படமா? பணம் போடுறதை விடு தம்பி. உன் படத்துக்கு டிக்கெட் வாங்கி உள்ள வர்ற ஆள்கூட நான் இல்ல.”

“சரிண்ணே” என்று சிரித்தார் சகலை. கொடுத்த தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

மனைவியின் முகத்துக்காகத்தான் சின்ன அரங்கைக் கொடுத்தார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதல் மூன்று நாள் வசூல் குறித்த தொகையைத் தொட்டால் படம் இரண்டாம் வாரமும் நிற்கும். தொடாவிட்டால் வெள்ளிக்கிழமை தூக்கிவிடுவார்கள். சகலையின் படத்துக்கு அந்தத் தொகையை மற்றப் படங்களுக்கு வைப்பதைவிடக் கூட்டி வைத்தார் முதலாளி. மேனேஜர் பேனாவை நிறுத்தி ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். வெளியூர்த் தியேட்டர்காரர்கள் எல்லாம் இந்த மேனேஜரைத்தான் போனில் கேட்பார்கள். இங்கே தூக்கினால் அங்கேயும் தூக்குவார்கள். அப்புறம் பெயின்ட் கடை சகலையுடையதாக இருக்காது. முதலாளிக்கு அது தெரியும். தெரிந்தேதான் செய்தார்.

சுவருக்கு அப்பால் ஒன்றே ஒன்றுதான் அவருக்கு ஆறுதல். ஒவ்வொரு காட்சியிலும் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் சத்தமே இல்லாமல் போகும். ஒரு இருமல்கூடக் கேட்காது. ‘சலித்துவிட்டது. பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள்’ என்று சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மேனேஜர் வந்து, தொகையைத் தொட்டாகிவிட்டது, ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டியாகிவிட்டது என்றார். தன் கல்லாவும்தானே நிறைகிறது என்று சந்தோஷப்பட வேண்டியவர், எழுந்து அரங்கின் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் தலைகள். நடு வரிசையில், நடைபாதையை ஒட்டி, இரண்டு இருக்கைகள் மட்டும் காலி.

டிக்கெட் கவுண்டரில் விசாரித்தார். அந்த இரண்டும் மாலைக் காட்சிக்குத் தினமும் விற்கிறதாம். தயாரிப்பாளரே காசு கொடுத்து வாங்கிப் போகிறாராம்.

முதலாளிக்கு மூன்று நாளாக இல்லாத பசி எடுத்தது. தங்கள் படத்துக்குத் தாங்களே டிக்கெட் வாங்கி வசூலை ஏற்றிக் காட்டுவது சினிமாவில் பழைய வித்தை. பிடிபட்டால் படத்தைத் தூக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

“ரெண்டு டிக்கெட்டுக்கா சார்?” என்றார் மேனேஜர்.

“கண்ணுல பட்டது ரெண்டு. படாதது எத்தனையோ. வெள்ளிக்கிழமை தூக்குறோம். முதல்ல நானே கையும் களவுமாப் பிடிக்கிறேன்.”

மறுநாள் மாலை, விளக்கை அணைத்த பிறகு உள்ளே போய், அந்தக் காலி இருக்கையிலேயே சட்டமாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு டார்ச் வெளிச்சம் அவர் செருப்பின்மேல் விழுந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். இருட்டில் அவளுக்கு அவர் யாரென்று தெரியவில்லை.

“இங்க ஆள் வருது சார். உங்க சீட்டுக்குப் போங்க.”

“ஒருத்தரும் வரமாட்டாங்கம்மா. மூணு நாளா காலியாத்தானே கிடக்கு?”

“வருவாங்க சார். படம் எடுத்தவரோட அண்ணனும் அண்ணியுமாம். அவரு கொஞ்சம் கோவக்காரராம், டிக்கெட் வாங்கி வரமாட்டேன்னு சொல்லியிருக்காராம். என்னைக்காவது மனசு மாறி வந்து நிக்கறப்ப எடமில்லன்னு ஆயிடக் கூடாதுன்னு இவரு தினம் வாங்கி வைக்கிறாரு. எந்திரிங்க சார், பாவம்.”

சகலைக்கு ஏது அண்ணன் என்று ஒரு கணம் குழம்பினார் முதலாளி. கூடப் பிறந்தது அத்தனையும் அக்காக்கள்தானே. பிறகுதான் உறைத்தது. மனிதனை வழிக்குக் கொண்டுவரக் கடவுள் எப்போதும் இடியையும் மின்னலையும் அனுப்புவதில்லை. டார்ச் பிடித்த ஒரு பெண்ணை அனுப்பி, எழுந்திரு என்று சொல்லவைப்பார். முதலாளி எழுந்து, சொந்தத் தியேட்டரில் சுவரோரமாய்ப் போய் நின்றார்.

நின்றபடியே படம் பார்த்தார். சோபா சர்ரென்றது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவருக்கு உள்ளே எரியத்தான் செய்தது. கடைசியில் அந்த அமைதி வந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. திரையில், காலில் கட்டுப்போட்ட ஒரு சொந்தக்காரப் பையனைத் தாங்கிக்கொண்டு வருகிறார்கள். வேர்வையில் முதுகு பிளாஸ்டிக்கில் ஒட்ட, அவன் வலியில் முகம் சுளிக்கிறான். அதுவரை ஒருவரையும் தொடவிடாத அப்பா, உறையைத் தன் கையாலேயே பரபரவென்று கிழித்து எடுக்கிறார்.

கல்யாணமான புதிதில் சகலை வண்டியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு, முதலாளி வீட்டில், அந்தச் சோபாவில்தான் கிடந்தார். சோபா உறை எப்போது போனது என்று முதலாளி பிறகு யோசித்ததே இல்லை. கிழித்தவர் மறந்துவிட்டார். படுத்துக் கிடந்தவர் மறக்கவில்லை.

வெளியே மேனேஜர் காத்திருந்தார். “வெள்ளிக்கிழமை எந்தப் படம்னு போட்டுடலாமா சார்?”

“இதே நிக்கட்டும்.” இரண்டடி போனவர் திரும்பி வந்தார். “அந்தத் தொகையை நான்தான் கூட்டி வச்சேன். மத்த படத்துக்கு என்னவோ அதையே எழுதிக்க. வெளியூர்ல கேட்டா, நல்லாப் போகுதுன்னு சொல்லு.”

வீட்டுக்குப் போய், நாளைக்கு மாலை தங்கை வீட்டுக்காரர் படத்துக்குப் போகலாமா என்று மனைவியிடம் பட்டும்படாமல் கேட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நான் ரெண்டு தடவை பாத்தாச்சுங்க, மேட்னியில, கடைசி வரிசையில. அந்த நடு சீட்டுல மட்டும் உங்களோடதான் உக்காருவேன்னு தங்கச்சிகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.”

மறுநாள் தியேட்டர் வாசலில், கையில் இரண்டு டிக்கெட்டோடு சகலை வழக்கம்போல் நின்றிருந்தார். மனைவியோடு வந்த முதலாளி அவரைக் கண்டும் காணாததுமாய்க் கடந்து, தன் கவுண்டருக்கு முன்னால் வரிசையில் போய் நின்றார். முன்னால் நின்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கவுண்டர்காரர் காசை வாங்கத் தயங்கினார், இவர் விடவில்லை. வாங்கிய இரண்டு டிக்கெட்டைக் கொண்டுவந்து சகலையின் சட்டைப் பையில் திணித்தார்.

“உன் டிக்கெட்டை என்கிட்ட குடு. இது உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும். தினம் வாசல்ல நின்னா கால் வலிக்கும். ஏற்கனவே ஒடிஞ்ச கால் அது.”

சகலை கையிலிருந்த டிக்கெட்டுகளை அவரிடம் நீட்டினார்.

அன்றோடு பொறாமை தொலைந்தது என்று சொன்னால் பொய். சோபா சர்ரென்று அரங்கம் குலுங்கியபோது, ‘இதை நான் எடுத்திருக்கலாமே’ என்று உள்ளே ஏதோ கடித்தது. ஆனால் அமைதி வந்தபோது மனைவியின் கை இருட்டில் துழாவி அவர் கையைப் பிடித்தது. டார்ச் பிடித்த பெண் நடைபாதையில் வந்து, இரண்டு இருக்கையிலும் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு, வெளிச்சத்தை அணைத்துக்கொண்டு போனாள்.