இன்று மேலே யார்

"இன்னிக்கி யாருடா மேல?"

சோற்றில் கை வைத்த பரந்தாமன் நிமிரவில்லை. ரசச் சட்டியோடு வந்த அவன் தாய் ராஜம்மாள் நடுக்கூடத்திலேயே நின்றுவிட்டாள். சில நாட்களாக விளக்கு வைத்ததும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது.

"கேக்கறது காதுல வுழல?"

"தனகோடி, நைனா."

"நீ?"

"கீழ. கொக்கி மாட்டிக்கினு இருந்தேன்."

வேதாசலம் செம்பை எடுத்துத் தட்டிலேயே கை கழுவினார். பாதிச் சோறு தண்ணீரில் மிதந்தது. தம்பி பாகம் கேட்டு வந்து நின்ற அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் அப்படிச் செய்தது இப்போதுதான்.

"சேரிப் பையன் ஒசர குந்திக்கினு இருப்பான். மணியக்காரன் புள்ள அவன் காலுக்குக் கீழ கொக்கி மாட்டுவான். இத நாலு பேரு பாத்துக்கினு இருப்பாங்க. நல்லா கீது."

"ஒரு நாள் அவன், ஒரு நாள் நானு. அப்பிடித்தான் நைனா கத்துக் குடுக்கறாங்க."

"வாய மூடு."

அவர் எழுந்து கூடத்தில் நடந்தார். சுவர்வரை போய்த் திரும்பினார். அன்று இரவு அந்த நடை நிற்கவில்லை.

வேதாசலம் அந்த ஊர் மணியக்காரர். ஆம்பூருக்குக் கிழக்கே, ரயில் பாதையை ஒட்டிய சிற்றூர் அது. மேல்காற்று அடித்தால் தோல் ஷாப்புகளின் நாற்றம் வரும். அதற்கென்றே அந்த வீட்டின் மேற்கு ஜன்னலை அவருடைய பாட்டனார் செங்கல் வைத்து அடைத்திருந்தார். மானத்துக்காக அந்த வீடு அடைத்துக்கொண்டவை இன்னும் பல. சேரி ஆட்கள் அந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். ஓடு மாற்ற அவர்கள் கூரைமேல் ஏறினால், இறங்கும்வரை வீட்டார் ஒருவரும் உள்ளே இருக்கக் கூடாது. தலைக்கு மேல் அவர்கள் கால் இருக்கலாகாது என்பது கட்டு. குடும்பம் முழுவதும் வாசல் வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்துவிடும். எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று உள்ளேயிருந்து கழியால் குத்திக் காட்ட ஆள் இல்லாததால், ஏறியவர்கள் தோன்றிய இடத்தில் நாலு ஓடுகளை மாற்றிவிட்டு இறங்குவார்கள். மூன்று தலைமுறையாக அந்த வீடு ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகும் இடத்தில் எந்தப் பாத்திரத்தை வைப்பது என்பதுதான் அந்த வீட்டுக்கு வாழ வந்த பெண்களுக்கு மாமியார் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம்.

பரந்தாமன் எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு முறை தவறினான். தோல் ஷாப்பில் கணக்கு எழுதக் கூப்பிட்டார்கள், வேதாசலம் சம்மதிக்கவில்லை. காட்பாடிக்குப் பக்கத்தில் சர்க்கார் தொழிற்பயிற்சிக் கூடம் திறந்த வருஷம் அது, அறுபத்து நாலு. அவரே மகனை அழைத்துப் போனார். ஒவ்வொரு பிரிவாக நின்று பார்த்தார். பிட்டர் வேலைக்கு இரும்பின் அடியில் மல்லாக்கப் படுக்க வேண்டியிருந்தது. வார்ப்பு வேலைக்கு மண்ணில் மண்டியிட வேண்டியிருந்தது. எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசிக் கொட்டகையில் நிமிர்ந்து பார்த்தார். கூரையை ஒட்டி இரண்டு பக்கமும் தண்டவாளம். அதன்மேல் குறுக்காக ஓடும் இரும்புப் பாலம். பாலத்திலிருந்து தொங்கிய கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடியை அசைத்தான். தரையில் கிடந்த பெரிய இரும்புப் பாளம் ஓசையில்லாமல் எழுந்து நகர்ந்தது.

"அந்தக் கூண்டுல குந்தறவனுக்கு மேல யாரு?" என்று கேட்டார்.

"அவனுக்கு மேல தகரம்தாங்க," என்றார் மாஸ்டர் ஜான் பாஷா. மதராஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர்.

"எம் புள்ளய இதுல சேத்துக்குங்க." அங்கேயே கையெழுத்துப் போட்டார். பாளத்தில் கொக்கியை மாட்டிவிட்டு, கையை ஆட்டி ஆட்டிக் கூண்டுக்காரனை நடத்திய ஒருவன் தரையில் நின்றதை அவர் கவனிக்கவில்லை. கீழே பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

பயிற்சிக்கு வந்தவர்களைப் பெயர் வரிசையில் ஜோடி சேர்த்தார்கள். தனகோடிக்கு அடுத்து பரந்தாமன்.

கை கழுவிய மறுநாள் காலை, முதல் ரயிலிலேயே வேதாசலம் காட்பாடிக்குப் போனார்.

"பாய், எம் புள்ள தெனமும் மேலயே இருக்கட்டும்."

"இருக்கட்டும். கீழ யாரு?"

"அந்தப் பையன் இருந்துட்டுப் போறான்."

ஜான் பாஷா சிரித்தார். "மணியக்காரரே, மேல இருக்கிறவனுக்கு பாரம் சரியா தெரியாதுங்க. கீழ இருக்கிறவன் கைதான் தெரியும். அந்தக் கை சுத்தினா தூக்கணும், தாழ்ந்தா எறக்கணும், விரிச்சா நிக்கணும். ஏன் எதுக்குன்னு கேள்வி கெடயாது. உங்க புள்ளய மேலயே வெச்சா, சாயந்திரம் வரைக்கும் தனகோடி கைக்கு ஆடிக்கினு இருப்பாரு. பரவால்லியா?"

"அப்ப கீழயே வெச்சா?"

"தலைக்கு மேல தனகோடி."

வேதாசலம் கொட்டகை வாசலில் முன்னும் பின்னும் நடந்தார். எப்படிப் பார்த்தாலும் அந்தப் பையன் வந்து நின்றான்.

"ஆள மாத்துங்க."

"எல்லாரும் ஜோடி ஆயிட்டாங்க. ஒருத்தன் வாரம் முழுக்க சொல்லாம நின்னுட்டான்னா பேர அடிப்போம். அப்பத்தான் வேற ஆளு வருவான். அது சர்க்கார் ரூல். அதுக்கு மேல என்னப் பேஜார் பண்ணாதீங்க."

சொன்ன பிறகுதான் ஜான் பாஷா நாக்கைக் கடித்துக்கொண்டார். மணியக்காரரின் நடை நின்றுவிட்டிருந்தது.

சேரியிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை வேதாசலத்தின் கொல்லை வழியாகத்தான் போகிறது. அதை விட்டால் ஏரிக்கரையைச் சுற்றவேண்டும். அன்று மாலை களை எடுத்துவிட்டுத் திரும்பிய கங்கம்மாளை அவர் பாதையில் நிறுத்தினார். தனகோடியின் தாய் அவள்.

"உம் புள்ளய நிறுத்திக்க."

"இன்னா தப்பு பண்ணான் ஆண்டே?"

"தப்பு இல்ல. எடம் தெரியாம ஒசர ஏறிக் குந்திக்கினு கீறான். தோல் ஷாப்புக்கு அனுப்பு. நான் சொல்லி வுடறேன்."

கங்கம்மாள் தலைச் சுமையை இறக்கவில்லை. "அவங்க அப்பன் ஷாப்புலதான் இருந்தான் ஆண்டே. சுண்ணாம்புக் குழியில நின்னு நின்னு காலு ரெண்டும் வெந்து பூட்ச்சி. அதோடயே போய்ட்டான். குழியில எறங்காத வேல எதுனா கீதான்னு நானும் அலஞ்சேன். இதுதான் ஒசரமா இருந்திச்சி. அதான் சேத்தேன்."

இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காகத்தான் மகன்களை அங்கே சேர்த்திருந்தார்கள். அது வேதாசலத்துக்கும் விளங்கியது. விளங்கியதால் கோபம் இன்னும் ஏறியது.

விடிவதற்குள் பாதையில் வேலிகாத்தான் முள் வெட்டிப் போடப்பட்டது. தனகோடியின் பெயரை அடித்த பிறகுதான் முள்ளை எடுப்பேன் என்று தலையாரியிடம் சொல்லியனுப்பினார். தோல் ஷாப்புக்குப் போகிற ஆண்கள், பால் கொண்டுபோகிற பெண்கள் எல்லாரும் ஏரிக்கரையைச் சுற்றினார்கள். இரண்டாம் நாளே சேரிக்காரர்கள் கங்கம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "ஒரு புள்ள படிப்புக்கு ஊரே சுத்தறதா?" என்றார் ஒரு பெரியவர். தனகோடி காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான்.

பரந்தாமனை ஜான் பாஷா மேலே அனுப்பவில்லை. "காட்டறதுக்கு ஆளு இல்லாம தூக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டார். அவன் பெஞ்சில் உட்கார்ந்து கம்பிக் கயிற்றுக்கு எண்ணெய் தடவினான். மாலையில் ரயிலை விட்டு இறங்கியதும் கொல்லைப் பக்கம் போய் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பான். குனிவான். பிறகு வீட்டுக்கு வந்துவிடுவான்.

"உக்காரேன்டா. ஏன் இப்பிடி சுத்திக்கினே கீற?" என்றாள் ராஜம்மாள்.

"திங்கக்கெழம தனகோடி வரலன்னா பேர அடிச்சிடுவாங்கம்மா."

"நைனா கிட்ட சொல்லு."

"நீ சொல்லேன்."

இரண்டு பேரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. சனிக்கிழமை ஒழுகல் கூடத்திலிருந்து நெல் குதிர் இருக்கும் அறைக்குப் போனது. ஞாயிறு காலை ராஜம்மாளிடம் பாத்திரம் தீர்ந்துவிட்டது. சோறு வடிக்கிற குண்டான்கூடக் கூடத்தில் நின்றது. வேதாசலத்தின் கட்டிலை இரண்டு முறை இடம் மாற்றினார்கள். மூன்றாவது இடத்திலும் சொட்டியது. சேரிக்கு ஆள் அனுப்பினார். ஓடு மாற்றுகிற எல்லாருக்கும் காய்ச்சல் என்று தலையாரி வந்து சொன்னான்.

"எல்லாத்துக்குமா?"

"கேட்டவங்க அத்தினி பேருக்கும்," என்று தலையாரி தரையைப் பார்த்தான்.

பகல் சாப்பாட்டு வேளைக்கு ஒருவன் வந்து வாசலில் நின்றான். முழங்கால் வரை சேறு.

"பாதையில முள்ளு கெடக்குது ஐயா. ஏரிக்கர சுத்திக்கினு வந்தேன்."

'ஐயா' என்ற சொல் வேதாசலத்தின் காதில் இடறியது. இவன் தாய் கங்கம்மாள் 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏறு. கூலி ஜாஸ்தியாவே தர்றேன்."

"கூலி வாணாம். முள்ள எடுத்துடுங்க. நாளைக்கி ரயிலுக்குப் போவணும்."

வேதாசலம் மீசையைத் தடவினார். உள்ளே குதிர் அறையில் ஊறிப்போன மண்கட்டி பொத்தென்று விழுந்தது.

"பரந்தாமா," என்றாள் ராஜம்மாள், "போய் முள்ள எடுத்துட்டு வாடா."

வேதாசலம் திரும்பினார். "யாரக் கேட்டு?"

"நெல்லக் கேட்டுத்தான். குதிருக்குள்ள மொள வுட்டுக்கினு கீது. நாத்தங்கால் கூடத்துலயே போட்டுடலாமா?"

பரந்தாமன் குடையில்லாமல் ஓடினான். இத்தனை நாள் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பிய இடத்தில் இப்போது கை வைத்தான். திரும்பி வந்தபோது உள்ளங்கை முழுவதும் கீறல். தனகோடி அந்தக் கையைப் பார்த்தான், ஏணியைச் சாய்த்தான்.

வேதாசலம் மேல் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். கட்டு இன்னும் மீதியிருந்தது. "எல்லாம் வெளிய வாங்க. அவன் ஏறப் போறான்." குடையை விரித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நடந்தார். பின்னால் காலடி ஓசை வரவில்லை. திரும்பிப் பார்த்தார். வாசற்படியில் யாரும் இல்லை.

கூரை மேலிருந்து தனகோடி குரல் கொடுத்தான். "எங்கன்னு தெரியல. உள்ள யாருனா கீறீங்களா?"

ஒரு கழி உள்ளிருந்து ஓட்டைக் குத்தியது. மூன்று தலைமுறையில் அந்த வீட்டுக்குள்ளிருந்து வந்த முதல் பதில் அது. தனகோடி அங்கே ஓட்டைப் பிரித்தான். திறந்த இடைவெளிக்கு நேர் கீழே, மழையில் முகத்தை நிமிர்த்திக்கொண்டு பரந்தாமன் நின்றான். கீறல் விழுந்த கையை உயர்த்தினான். கை இடதுபக்கம் நகர்ந்தது. தனகோடி இடதுபக்கம் நகர்ந்தான். கை தாழ்ந்தது, ஓடு இறங்கியது. கை விரிந்தது, எல்லாம் நின்றது.

"எனக்கும் காட்டுடா," என்றாள் ராஜம்மாள். அரிக்கேன் விளக்கை இடக்கையில் பிடித்துக்கொண்டு, குதிர் அறையில் நின்று வலக்கையை உயர்த்தினாள். அந்தக் கையை அவள் சமையலுக்கும் கும்பிடுவதற்கும் அன்றி அதுவரை உயர்த்தியதில்லை. மேலே கால்கள் அவள் கை சொன்ன பக்கம் நடந்தன.

ஒவ்வொரு சொட்டாக நின்றது. அவள் குண்டான்களையும் சட்டிகளையும் எடுத்துக்கொண்டு போய்க் கவிழ்த்தாள்.

வேப்பமரம் வானத்தைவிட அதிகமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. குடையின் ஒரு கம்பி மடங்கி, தண்ணீர் வேதாசலத்தின் தோளில் இறங்கியது. ராஜம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"உள்ள ஒரு சொட்டு இல்லீங்க. வாங்க."

அவர் கூரையைப் பார்த்தார். முகட்டில் சேறு படிந்த இரண்டு பாதங்கள்.

"அவன் எறங்கட்டும்."

"வடக்குப் பக்கம் முழுக்கப் பாக்கணுமாம். நேரமாவும்." அவள் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில் அவள் குரல் வாசல்வரை கேட்டது. அத்தனை உரக்க அவள் பேசி அவர் கேட்டதில்லை.

"நாளைக்கி யாருடா மேல?"

"என் மொறைம்மா."

"கீழ யாரு காட்டறது?"

"தனகோடிதான்."

"அவன் கையப் பாத்து ஒழுங்கா நட."

வேதாசலம் குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். ஓட்டின்மேல் அந்தப் பாதங்கள் நிதானமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தன. உலர்ந்துபோன தம் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க, அவை இறங்கும்வரை அவர் காத்திருந்தார்.