மார்பில் கட்டிய மல்லிகை

என் மகள் விளக்கு வைக்கிற நேரம் பார்த்துத்தான் அழுவாள். கால்களை வயிற்றோடு மடக்கி, முகம் சிவந்து, ஓயாத அழுகை. உடனே நாத்தனார் தங்கபுஷ்பம் என் முன்னால் வந்து நிற்பாள்.

"என்னத்தத் தின்ன முத்துலட்சுமி? பிள்ளைக்கு வவுறு கல்லு மாதிரி கெடக்கு."

என்னத்தைத் தின்றேன்! அவள் போட்டதைத்தான் தின்றேன். முதலில் பருப்பை நிறுத்தினாள். பிறகு கிழங்கு, தேங்காய், மோர். கடைசியில் குடிக்கிற தண்ணீருக்கும் அளவு வந்தது. எனக்கு அம்மா இல்லை. தலைப்பிரசவத்துக்குக்கூடப் பிறந்த வீடு போகாமல் தி. நகரில், ஜவுளிக்கடைக்கு மேலே, புகுந்த வீட்டிலேயே கிடந்தேன். யாரிடம் போய்ச் சொல்ல? பசி காதை அடைத்தது. அவளைத் திட்டவும் மனம் வரவில்லை. எனக்குத் துணையாக அவளும் அதே பூண்டு ரசச் சோற்றைத்தான் தின்றாள், பாவி.

எழுபத்தொன்றாம் வருஷப் பொங்கல் கழிந்த சமயம். ஒரு மத்தியானம் அடுக்களையில் நின்றபடியே அரை ஆமவடையை வாயில் போட்டுக்கொண்டேன். பார்த்துவிட்டாள். அன்று சாயங்காலமும் குழந்தை அழுதது. போதாதா?

"ஒன் பாலே அவளுக்கு ஆவாது. டின் பால் குடுப்போம்."

என் கணவர் வைரவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பனகல் பூங்கா பக்கம் போய் மல்லிகை வாங்கிவந்தார். தலைக்கு அல்ல. பால் வற்றட்டும் என்று நாத்தனார் அதை என் மார்பில் வைத்து இறுக்கிக் கட்டினாள். நெஞ்செல்லாம் நெருப்பாக எரிந்தது. பக்கத்து அறையில் குழந்தை சிணுங்கினால் போதும், பூ நனைந்துவிடும். அவள் பூவை மாற்றிக் கட்டுவாள்.

ஒருவழியாக வற்றியது. அன்று என் தட்டில் மீன் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், அப்பளம் எல்லாம் வந்தன.

"இனிமே நீ என்னத்தத் தின்னாலும் பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாது. வயிறாரச் சாப்பிடு, தாயி" என்றாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. நான் வெட்கமில்லாமல் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அதற்காகவே அழுதேன்.

சாயங்காலம் விளக்கு வைத்தோம். குழந்தை கால்களை மடக்கிக்கொண்டு வீறிட்டது. அதே நேரம், அதே அழுகை. நாத்தனார் பால் புட்டியும் கையுமாக நின்றாள். அவர் சுவரைப் பார்த்தார். நான் என்ன தின்றேன் என்று யாரும் கேட்கவில்லை.

குழந்தையை வாங்கி மாரோடு சேர்த்துக்கொண்டேன். ஆவலாகப் பற்றினாள். இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. வாயை எடுத்து, என் முகத்தைப் பார்த்து, மறுபடி அழத் தொடங்கினாள்.