எட்டு ஆம்பியர்

பிஷ்கெக்கில் பாலர் பள்ளியில் இடம் கிடைப்பது லேசில்லை. எங்கள் மகள் புருல் பிறந்த வாரமே என் மனைவி ஜிபார் அவள் பெயரைப் பதிந்துவைத்தாள். இடம் வந்தபோது புருலுக்கு ஐந்து வயது. ஜிபார் இல்லை. திங்கள் காலை குழந்தையை நேரில் கொண்டுவர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று போனில் ஒரு பெண் சொன்னாள். சரி என்றேன்.

புருல் ஜிபாரின் அப்பா வீட்டில் இருந்தாள். கொச்கோரைத் தாண்டி, மலையை ஒட்டிய ஊர். ஜிபாரை அங்கேதான் புதைத்தோம். அந்த முறை நான் தனியாகத் திரும்பினேன். எனக்கு அலுவலகம் இருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பள்ளியில் இடம் வரும்வரை அவள் அங்கே இருக்கட்டும் என்று பேச்சு. பேசி முடித்தவன் குபான்.

குபான் ஜிபாரின் அண்ணன். அதற்கு முன்பே கல்லூரி விடுதியில் என் அறைத் தோழன். மின்பொறியியல் படித்துவிட்டு ஊருக்குப் போய் ஆடு வளர்க்கிறான். என் காரைத் தேர்ந்ததும் அவன்தான். சீனாவிலிருந்து நேராக வந்த மின்சார வண்டி. திரையில் எல்லாம் சீன எழுத்து. எந்தப் படத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்று அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை கிளம்பினேன். பூம் பள்ளத்தாக்கில் எதிர்காற்று. ஹீட்டர் வேறு. பாலிக்சி வரும்போது பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த வேகச் சார்ஜர் அந்த வழியில் அது ஒன்றுதான். ஐந்தாறு வண்டி வரிசையில் நின்றது. குபானுக்குப் போன் செய்தேன்.

"அங்க எதுக்குடா போய் நிக்கிற? டீக்கடைக்காரனுக்கு வியாபாரம் பண்ணிக் குடுக்கவா? வீட்டுக்கு வந்து சேர்ற அளவுக்கு இருக்குல்ல? வா. ராத்திரி போட்டா காலையில ஃபுல்."

"கோடைல அப்படித்தான் ஏறிச்சு. இப்பவும் ஏறுமா?"

"அதே வயர், அதே சாக்கெட்டு, அதே நான். வாடா."

போனேன்.

முற்றத்தில் வண்டியை நிறுத்தியதும் புருல் வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "அம்மா, அப்பா வந்தாச்சு!" என்று கத்தினாள்.

ஒரு கணம் நானும் வாசலைப் பார்த்தேன். குபானின் மனைவி கென்ஜே மாவுக் கையோடு வெளியே வந்தாள்.

"வாங்கண்ணா. சின்னது, வாய்க்கு வந்தபடி கூப்பிடுது" என்றாள்.

"உன் கார் சத்தமே போட மாட்டேங்குது. திருடன் மாதிரி வருது" என்றாள் புருல்.

அவளைத் தூக்கினேன். கனத்திருந்தாள்.

குபான் என் கையிலிருந்து சார்ஜ் கேபிளை வாங்கினான். "நீ உள்ள போ. அம்மா டீ போட்டு வெச்சிருக்கா. நான் சொருகிட்டு வர்றேன்." ஆட்டுக் கொட்டிலுக்குள்தான் சாக்கெட். கேபிளின் நடுவில் உள்ள பெட்டியை உள்ளே ஆணியில் மாட்டிவிட்டு, கதவின் கீழ் வழியாக மறுமுனையைக் காருக்கு இழுத்துவருவது வழக்கம். ஜன்னல் வழியே பார்த்தேன். காரில் பச்சை விளக்கு சிமிட்டியது. அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

காலையில் பார்த்தபோது பதினைந்து சதவீதம் இருபது ஆகியிருந்தது.

"என்னடா இது?" என்றேன்.

குபான் கண்ணாடியில் ஒட்டியிருந்த பனியைச் சுரண்டினான். "வெளிய நின்னா மூக்கு விழுந்துடும் போல இருக்கு. உன் பேட்டரிக்கு மட்டும் கம்பளி போர்த்தி விட்டிருக்கா? குளிர்ல வாங்காது. போதாததுக்கு ஊர்ல எல்லா வீட்லயும் மின் அடுப்பு. வோல்டேஜ் அழுவுது."

இரண்டும் உண்மை. நானும் படித்தவன், எனக்கும் தெரியும். அதனால் நம்பினேன்.

மாமனார் திண்டில் சாய்ந்தபடி சொன்னார்: "இன்னைக்கு இருந்துட்டு நாளைக்குப் போங்க மாப்ள. ஆடு அறுத்தாச்சு. நாலு பேரைக் கூப்பிட்டிருக்கேன்."

ஞாயிறு மதியம் கிளம்பினாலும் திங்கள் காலைக்குள் போய்விடலாம். தலையாட்டினேன்.

நாலு பேர் இல்லை. ஊரில் பாதி வந்தது. புருலை வழியனுப்பும் விருந்து என்று நினைத்துக்கொண்டேன். தரையில் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். தலைக்கறி ஊர்ப் பெரியவருக்குப் போனது. கறியும் மாவுப்பட்டையும் கலந்த பெஷ்பர்மக் வந்தது. குபான் ஒரு முன்னங்கால் எலும்பைக் கறியோடு எடுத்து, புருலைக் கூப்பிட்டு, அவள் இரண்டு கையிலும் வைத்தான். தாய்மாமன் மருமகளுக்குக் கறி கொடுக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கென்ஜே முந்தானைபோல் தலைத்துணியின் நுனியால் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு பெரியவர் வாழ்த்துச் சொன்னார். அடுப்பு அணையாதிருக்கட்டும், வீட்டில் பிள்ளைச் சத்தம் இருக்கட்டும், கொடுத்தவன் மனம் குளிரட்டும், வாங்கியவன் மனம் குளிரட்டும் என்று நீளமாகப் போனது. ஜிபாரை அடக்கம் செய்த நாளிலிருந்து இந்த மாதிரிப் பேச்செல்லாம் எனக்குப் பக்கத்து அறை ரேடியோ மாதிரிதான். எல்லோரும் கை ஏந்தினார்கள். நானும் ஏந்தினேன். அப்படியே ஆகட்டும் என்று பொருள்படும் ஓமினைச் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டேன்.

பெரியவர் போகும்போது என் தோளைப் பிடித்து அழுத்தினார். "பெரிய மனசுப்பா உனக்கு" என்றார். மனைவியை இழந்தவனிடம் எல்லோரும் ஏதாவது சொல்வார்கள்.

ஞாயிறு காலை குபான் தன் ஜீப்பில் என்னை ஜிபாரின் கல்லறைக்கு அழைத்துப்போனான். பனியில் முழங்கால்வரை புதைந்து நடந்தோம். அங்கே அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

திரும்பும்போது மதியம் தாண்டிவிட்டது. காரில் ஏறித் திரையைப் பார்த்தேன். இருபத்து நான்கு.

குளிர் இவ்வளவு தின்னாது. கொட்டிலுக்குள் போனேன். ஆடுகள் ஒதுங்கின. பெட்டி ஆணியில் தொங்கியது. அதன் சின்னத் திரையில் எட்டு என்று இருந்தது. எட்டு ஆம்பியர்.

நான் எப்போதும் பதினாறில்தான் வைப்பேன். பெட்டி தானாக மாறாது. பக்கத்திலுள்ள பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். எட்டில் வைத்தால், இந்தக் குளிரில் வரும் மின்சாரமெல்லாம் பேட்டரியை உறையாமல் சூடாக வைக்கவே சரியாகிவிடும். விளக்கு மட்டும் பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருக்கும். இதையும் அவன்தான் எனக்குச் சொல்லித்தந்தான்.

பொத்தானை அழுத்திப் பதினாறுக்கு மாற்றினேன். பெட்டிக்குள் 'டக்' என்றது. திரும்பினால் குபான் கதவில் நின்றான்.

"சாக்கெட் சூடாகுதுடா. அதான் கொறச்சு வெச்சேன்" என்றான்.

சாக்கெட்டைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"தொட்டுப் பாரு."

அவன் தொடவில்லை. வைக்கோலைக் காலால் ஒதுக்கினான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

"சொன்னா நீ வெள்ளிக்கிழமையே பாலிக்சில நின்னு ஃபுல் பண்ணிட்டு வந்திருப்ப. சனிக்கிழமை காலைல பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருப்ப."

"அதுக்குத்தான வந்தேன்."

"நேத்து விருந்து எதுக்குன்னு நெனச்ச?"

அவன் கண்ணைப் பார்த்ததும் விளங்கியது. எலும்பு, பெரியவரின் கொடுத்தவன் வாங்கியவன், தோளைப் பிடித்த கை. பிள்ளையில்லாத அண்ணனுக்கோ தங்கைக்கோ பிள்ளை கொடுப்பது எங்கள் ஆட்களிடம் புதிதல்ல. சாட்சிக்கு ஊர் வேண்டும். எலும்பு வேண்டும். பெற்றவன் கை ஏந்த வேண்டும்.

"எனக்குத் தெரியாம செஞ்சிட்டீங்க."

"உன் முன்னாடிதான செஞ்சோம்! நீதான உக்காந்து சாப்ட்ட? எர்மெக், உனக்கு முன்னாடி ஒட்டகம் நடந்து போனாலும் இப்ப உனக்குத் தெரியாது. இங்க வந்து அவகூட எத்தன வார்த்த பேசின, சொல்லு பாப்போம்? பல்லு விழுந்திருக்குடா அவளுக்கு. பாத்தியா?"

பார்க்கவில்லை.

"கென்ஜேவுக்கு இனிமே பொறக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். உனக்கு வயசிருக்கு. நாளைக்கே ஒருத்தி வருவா. அவ இன்னொருத்தி பெத்ததப் பாத்துக்குவாளா? இங்க தாய்மாமன் வீடு. ஜிபார் வெளையாடின முற்றம்."

"ஜிபாரோட அண்ணன்னா என்கிட்ட கேட்டிருக்கணும்."

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்" என்றான்.

அடிக்க வேண்டும்போல் இருந்தது. கை எழவில்லை. புருலைத் தூக்கிக்கொண்டு அப்போதே கிளம்ப வேண்டும் என்று மட்டும் தோன்றியது. ஆனால் இருபத்து நான்கு சதவீதம். ஹீட்டரை அணைத்து, கோட்டும் கையுறையுமாக ஓட்டினால் பாலிக்சிவரை நான் தட்டுத்தடுமாறிப் போய்விடலாம். பின்சீட்டில் குழந்தை இருந்தால் ஹீட்டரை அணைக்க முடியாது. ஹீட்டர் போட்டால் பாலிக்சிக்கு முன்னாலுள்ள கணவாய்க்கு முன்பே வண்டி நின்றுவிடும். இந்தக் கணக்கை அவன் முன்பே போட்டுவைத்திருந்தான்.

"தனியா போறதுன்னா போயிடலாம்" என்றான். தணிந்த குரலில், உதவி செய்கிறவன் மாதிரி.

வீட்டுக்குள் போய்ப் புருலுக்குக் கோட்டு மாட்டினேன். யாரும் தடுக்கவில்லை. மாமியார் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தேன். கடை முன்னால் ஜோல்தோஷ் தன் பழைய ஹோண்டாவைக் கிளப்பிச் சூடாக்கிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கொச்கோருக்கு ஆள் ஏற்றுவது அவன் ஒருவன்தான். கொச்கோர் போனால் பிஷ்கெக்குக்கு எப்படியும் வண்டி கிடைக்கும்.

"வாங்க மாப்ள! பிளக்குல கட்டின கார் கழுத்தறுத்துடுச்சா? இந்தக் கெழட்டு ஹோண்டாவப் பாருங்க, பெட்ரோல் வாசன காட்டினாலே ஓடும்." கதவைத் திறந்தான். பிறகுதான் என் கையைப் பிடித்திருந்தவளைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"குட்டிப் பொண்ணு வழியனுப்ப வந்திருக்காளா?"

"அவளும் வர்றா."

ஜோல்தோஷ் கதவை மெதுவாகச் சாத்தினான். "நேத்து நானும் இருந்தேனே மாப்ள. உங்களுக்கு எதிர்லதான் உக்காந்திருந்தேன். கை ஏந்தினீங்க."

"எதுக்குன்னு தெரியாது எனக்கு."

"தெரியாம யாராச்சும் ஓமின் சொல்வாங்களா?" அவன் குரலில் கேலி இல்லை. நிஜமாகவே கேட்டான். "நீங்க மட்டும்னா இப்பவே ஏறுங்க, காசு கூட வேணாம். பிள்ளையோட ஏத்தினா சாயங்காலம் நான் இந்த ஊருக்குள்ள திரும்பி வர முடியாது. பெரியவர் எங்க மாமா."

புருல் என் கையை இழுத்தாள். "குளிருதுப்பா. வீட்டுக்குப் போலாம்."

திரும்பி நடந்தோம்.

பள்ளியில் இடம் போனது அப்போதே தெரிந்துவிட்டது. பதினாறிலேயே ஏறினாலும் குழந்தையோடு கணவாயைத் தாண்டும் அளவுக்கு ஏற நள்ளிரவாகும். அந்த நேரத்தில் அந்த ரோட்டில் அவளை ஏற்ற மாட்டேன். புருலை வீட்டில் விட்டுவிட்டுக் கொட்டிலுக்குள் போய்ப் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்தேன். பதினாறு. ஆடுகள் பழகிப் பக்கத்தில் வந்து படுத்தன. கென்ஜே டீயும் பொரித்த பூர்சோக் ரொட்டியும் கொண்டுவந்து கதவோரம் வைத்தாள்.

"கொறச்சு வெச்சது எனக்குத் தெரியாதுண்ணா" என்றாள்.

"விருந்து தெரியுமா?"

நின்றாள். "தெரியும்."

டீயை நான் தொடவில்லை. மேலே ஏடு கட்டியது. இரவு அங்கேயே படுத்தேன். மூன்று நாளாக இவர்கள் சோற்றைத் தின்றிருக்கிறேன். கோபித்துக்கொண்டு எழுந்து போகக்கூட இவர்கள் மின்சாரம்தான் வேண்டியிருந்தது.

திங்கள் காலை எழுபதைத் தாண்டியிருந்தது. வீட்டுக்குள் போய்ப் புருலின் துணிகளைக் கேட்டேன். மாமனார் எழுந்திருக்கவில்லை.

"ஊர் முன்னாடி குடுத்தத எடுத்துட்டுப் போறீங்க. இனி இந்த வாசப்படி உங்களுக்கு இல்ல" என்றார்.

"ஜிபார் இங்கதான இருக்கா மாமா."

"அவ எங்க பொண்ணு" என்றார்.

கென்ஜே துணிமூட்டையைக் கொண்டுவந்தாள். பின்சீட்டில் புருலை உட்காரவைத்துப் பட்டையை அவளே மாட்டினாள். கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டாள். பிறகு யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

குபான் கேபிளைக் கழற்றக் குனிந்தான்.

"அதத் தொடாத" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டான். "டேய், எர்மெக்." விடுதியில் கூப்பிட்ட அதே குரல். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் நிமிரவில்லை. கேபிளை நானே இழுத்தேன். குளிரில் விறைத்துச் சுருட்ட வரவில்லை. அப்படியே பக்கத்து சீட்டில் போட்டேன்.

ஊரைத் தாண்டியதும் போன் வந்தது. பாலர் பள்ளிப் பெண்.

"குழந்தையக் கூட்டிட்டு வரலையா?"

"வரல."

"அப்ப அடுத்தவங்களுக்குக் குடுத்துடறோம். கையெழுத்து எதுவும் தேவையில்ல."

"சரி."

நாளைக் காலை நான் அலுவலகம் போனால் இவளை யாரிடம் விடுவது என்று தெரியாது. இதுவரை இந்த மாதிரி எதுவாக இருந்தாலும் குபானுக்குப் போன் செய்வேன்.

"அம்மா வரலையா?" என்றாள் புருல்.

"வரல."

"ஏன்?"

நான் வாய் திறப்பதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. முன்பல் ஒன்று இல்லை.

ஹீட்டரை முழுதாகத் திருப்பினேன். பாலிக்சிவரை தாங்கும்.