இருபத்தெட்டு இஞ்ச்

அக்காவின் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய் இரண்டு வருடம் ஆகிறது. வாய் மட்டும் முன்னைவிட இரண்டு மடங்கு வேலை செய்கிறது என்று தம்பி சொல்வான், அவள் காதில் விழும்படியாகவே.

முப்பது வருடமாக இருவரும் சேர்ந்து தையல் கடை நடத்துகிறார்கள். வீட்டின் முன்பக்கம் கடை, பின்பக்கம் குடும்பம், நடுவில் ஒரு கதவு. அக்கா துணி வெட்டுவாள், தம்பி தைப்பான். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவள் ‘கட்டிங் அக்கா’தான். கால்கள் படுத்துவிட்ட பிறகு வெட்டும் வேலையும் தம்பி தலையில் விழுந்தது. அவன் வெட்டிய சட்டைகளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை.

அக்காவிடம் இருந்தது யாராவது பின்னால் நின்று தள்ளவேண்டிய சக்கர நாற்காலி. “டேய்” என்று கூப்பிட்டால் மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து “இதோ வர்றேன்க்கா” என்று குரல் வரும். அந்த ‘இதோ’ பாவாடை எலாஸ்டிக் மாதிரி, எவ்வளவு வேண்டுமானாலும் இழுபடும். சோம்பல் இல்லை, பாவம். பாதித் தையலில் எழுந்து வர முடியாது. கதவை மூடி வைத்ததும் அன்பினால்தான். மிஷின் சத்தம் அக்காவின் ஓய்வைக் கெடுக்கக்கூடாதாம். ஓய்வு வேண்டுமா என்று அவளை யாரும் கேட்கவும் இல்லை, வேண்டுமென்று அவள் சொல்லவும் இல்லை.

போன வாரம் தம்பி மென்று விழுங்கி ஒரு செய்தி சொன்னான். வேறொரு கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்த கட்டர் ஒருவர் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வருகிறாராம். அக்கா பதிலே சொல்லவில்லை. அவள் பேசினால் பயப்படாத வீடு, பேசாவிட்டால் பயப்படும். மறுநாள் காலையில் வாயைத் திறந்தாள்.

“எனக்கு மோட்டார் வச்ச நாற்காலி வேணும். யாரும் தள்ளக்கூடாது. திங்கக்கிழமைக்குள்ள நான் என் வெட்டுமேசைகிட்ட நின்னாகணும்.”

“நிக்கணுமா?” என்றான் தம்பி.

“சரி, உக்காந்தாகணும். பேச்சுல ஓட்டை பிடிக்காத.”

அன்று சாயங்காலமே வீட்டுக் கதவுகளையெல்லாம் அளந்தார்கள். தம்பி டேப்பைப் பிடித்து அளவு சொல்லச் சொல்ல, அக்கா நோட்டில் எழுதினாள். வாடிக்கையாளருக்கு அளவெடுக்கும்போது எப்படியோ, அப்படியே.

நாற்காலிக் கடைக்கு அக்கா, தம்பி, தம்பி மனைவி மூன்று பேரும் போனார்கள். தம்பிக்கு நுழைந்ததுமே ஒன்று பிடித்துவிட்டது. மெத்தென்ற இருக்கை, பின்னால் சாய்ந்து படுக்கலாம், தம்ளர் வைக்க இடம், கீழே ஒரு விளக்குகூட இருந்தது. உட்கார்ந்து பார்த்தவன் எழுந்திருக்கவில்லை.

“ஏங்க, அது அண்ணிக்குங்க” என்றாள் அவன் மனைவி.

கடையில் இருந்த பெண் இவர்கள் இருவரையும் விட்டுவிட்டு அக்காவின் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தாள். “இதுல உக்காந்து நீங்க என்ன பண்ணப் போறீங்கம்மா?” என்று கேட்டாள்.

இரண்டு வருடமாக எல்லோரும் எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அக்காவுக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

“துணி வெட்டப் போறேன்.”

“மேசை என்ன உயரம்?”

“முப்பத்தாறு இஞ்ச். நின்னு வெட்டுற மேசை.”

“அப்ப அது வேணாம். அதுல படுக்கலாம், வேலை செய்ய முடியாது” என்று அந்தப் பெண் உள்ளேயிருந்து வேறொன்றை ஓட்டி வந்தாள். பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் நின்ற இடத்திலேயே திரும்பும், பொத்தானை அழுத்தினால் இருக்கை ஒரு அடி மேலே எழும்பும்.

அக்கா அதில் மாறி உட்கார்ந்து கைப்பிடியைத் தொட்டாள். நாற்காலி நேரே போய் ஊன்றுகோல் அடுக்கின் மேல் மோதியது. இருபது ஊன்றுகோல்கள் சடசடவென்று விழுந்தன.

“புதுக் கத்தரிகூட ரெண்டு நாள் கைக்கு அடங்காது” என்றாள் அக்கா, முகத்தை நேராக வைத்துக்கொண்டு. பத்து நிமிஷத்தில் தம்பியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். பிறகு பொத்தானை அழுத்தி மெல்ல மேலே எழும்பினாள்.

“என்னடா, உச்சியில முடியே இல்ல? எப்ப போச்சு இதெல்லாம்?”

“நீ படுத்ததுலேர்ந்துதான்” என்றான் தம்பி. சிரிப்பாகத்தான் சொன்னான், ஆனால் அக்கா பொத்தானை அழுத்திக் கீழே இறங்கிவிட்டாள்.

கடைப்பெண் அகலத்தைச் சொன்னாள். மெத்தை நாற்காலி இருபத்துநாலு இஞ்ச், இது இருபத்தாறரை. “இது போகணும்னா வாசல் இருபத்தேழாவது இருக்கணும்மா.”

அக்கா நோட்டைப் புரட்டினாள். நடுக்கதவு, இருபத்தெட்டு. “தாராளமா போகும்.”

“எதுக்கும் இன்னொரு தடவை அளந்து பாத்துட்டு வாங்களேன். வாங்கினப்புறம் மாத்தணும்னா ரெண்டு வாரம் ஆயிடும்.”

“முப்பது வருஷமா அளவெடுத்துதாம்மா சாப்பிடறோம்” என்றாள் அக்கா. தம்பியும் மார்பை நிமிர்த்திக்கொண்டு தலையாட்டினான்.

சனிக்கிழமை நாற்காலியைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அக்கா கூடத்தைச் சுற்றி வந்தாள், அடுப்படி வரை போய்த் தம்பி மனைவியை மிரட்டிவிட்டு வந்தாள். தம்பி முன்னால் நடந்தபடி போக்குவரத்து போலீஸ்போல இரண்டு கையையும் ஆட்டி வழிகாட்டினான். நடுக்கதவுக்கு வந்தார்கள். டக் என்று இரண்டு பக்கமும் இடித்து நின்றது.

பின்னால் வந்து நேராக்கிப் போனாள். மறுபடியும் டக்.

“டேய், ஒரு கதவை அளக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா கழுத்துல டேப்பு?”

தம்பி வாசலில் டேப்பை வைத்தான். “இருபத்தாறு. அன்னிக்கும் இருபத்தாறுன்னுதான சொன்னேன்?”

“அப்ப நோட்டுல எப்படி இருபத்தெட்டு வந்துச்சு? பேய் வந்து எழுதிச்சா?”

தம்பி மனைவி நோட்டை எடுத்து வந்து நீட்டினாள். குண்டு குண்டாக, அக்காவின் கையெழுத்து.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பின் அளவை அப்படியே எழுதினால் சட்டை இறுக்கிப் பிடிக்கும். அதனால் தம்பி முப்பத்தெட்டு என்று சொன்னால் அவள் நாற்பது என்று எழுதுவாள். இரண்டு இஞ்ச் லூஸ் விட்டுத்தான் எழுதவேண்டும். முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாகவே எழுதியிருக்கிறது.

“கதவுக்கும் லூஸ் விட்டுட்டேனாடா?” என்றாள்.

முதலில் சிரித்தது தம்பி மனைவிதான். வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு தம்பி, கடைசியில் அக்காவும். வயிறு வலிக்கச் சிரித்த சிரிப்பு முடியும்போது அக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது. அது சிரிப்பின் தண்ணீர் இல்லை.

“மாத்த ரெண்டு வாரம். திங்கக்கிழமை அந்தாளு வந்து என் மேசைல நின்னுருவாரு.”

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. “நீ கஷ்டப்படக்கூடாதுன்னுதான்க்கா வரச் சொன்னேன்.”

“சும்மா உக்காந்திருக்கறதுதான்டா கஷ்டம்.”

துணி போதவில்லை என்றால் அக்கா கலங்கிய வழக்கமில்லை. எந்த மடிப்பில் துணி ஒளிந்திருக்கிறது என்று தேடுவாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலை மேலும் கீழும் பார்த்தாள். கதவைத் திறந்தால் பின்னால் துணி அலமாரி தடுக்கும். அதனால் முழுக்கத் திறக்காமல் பாதியில் நிற்கும். நிற்கிற கதவின் தடிமன் வாசலுக்குள்தான் இருக்கிறது.

“அந்தப் பலகை என்ன தடிமன்?”

தம்பி அளந்தான். “ஒண்ணரை.”

“இருபத்தாறும் ஒண்ணரையும்?”

“இருபத்தேழரை.”

“கழட்டு.”

“கதவையா? கதவு இல்லன்னா மிஷின் சத்தத்துல உனக்குத் தூக்கம் போயிரும்க்கா.”

“அந்தச் சத்தம் கேக்காமதான்டா ரெண்டு வருஷமா எனக்குத் தூக்கமே இல்ல.”

 தம்பி ‘இதோ’ என்றுகூடச் சொல்லாமல் போய்த் திருப்புளியைக் கொண்டுவந்தான். கீல்கள் துருப்பிடித்திருந்தன, கடைசித் திருகாணி அவனை நன்றாகவே வேலை வாங்கியது. கழற்றிய கதவைத் தோளில் தூக்கிக் கொல்லைப்புறம் கொண்டுபோய்ச் சாத்தினான்.

அக்கா முழங்கைகளை ஒடுக்கிக்கொண்டு கைப்பிடியை மெல்லத் தள்ளினாள். பக்கத்துக்கு அரை இஞ்ச். தம்பியின் கைகள் நாற்காலியின் முதுகை நோக்கி நீண்டன.

“கையை எடு.”

எடுத்தான். அவள் வாசலைத் தாண்டினாள், மேசைக்குப் போனாள், பொத்தானை அழுத்தினாள். வெட்டுமேசையின் விளிம்பு அவள் இடுப்புக்கு இறங்கி வந்தது. மேசை இழுப்பறையில் அவளுடைய பெரிய கத்தரி எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி இருந்தது. இரண்டு வருடமும் தம்பி தன் சின்னக் கத்தரியால்தான் வெட்டியிருக்கிறான்.  கத்தரியை இரண்டு முறை வெறும் காற்றில் வெட்டிப் பார்த்தாள்.

தம்பி கைபேசியை எடுத்தான். “அண்ணே, மன்னிச்சுக்கங்க, திங்கக்கிழமை வேணாம். ஆள் கிடைச்சாச்சு. ஆமா, பழைய ஆளுதான்.”

தம்பி மனைவிக்கு வேறு கவலை. “அண்ணி, சட்டைக்கு அளவு குடுக்க வர்றவங்க என் அடுப்படியையும் அளந்துட்டுப் போவாங்க. ஒரு திரையாவது போடணும்.”

“அளவு சொல்லுடா” என்றாள் அக்கா, துணியை விரித்தபடி.

“இருபத்தேழரை” என்று தம்பி வாசலிலிருந்து கத்தினான். “லூஸ் விட்டு வெட்டு. திரைக்கு வேணும்.”

“எனக்கே சொல்றியா?” என்று அவள் சாக்குக்கட்டியால் கோடு இழுத்தாள்.

சாப்பாட்டுத் தட்டுகளை வைத்துவிட்டுத் தம்பி மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். “அண்ணி, சாப்பிட வாங்க.”

“இதோ வர்றேன்” என்றாள் அக்கா.

தட்டில் சோறு ஆறியது. அவளைத் தள்ளிக்கொண்டு வர யாரும் எழுந்து போகவில்லை.