அம்மாவிடம் சொல்லாமல் செய்த ரீமேப்

என் தம்பிக்கு மூளை நிறையவே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் தெரியாது. அம்மாவின் பழைய டீசல் கார் மேட்டில் முக்கி முனகி ஏறுகிறது என்று அவனுக்கு ஒரே வருத்தம். அம்மாவுக்கு அப்படி ஒரு வருத்தமே இல்லை. ஓய்வு பெற்ற நர்ஸ் அவள். தினமும் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு வருவாள். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால், "அடிக்கட்டும், அவன் பேட்டரிதானே தீருது" என்பாள்.

சர்வீஸுக்கு விடுகிறேன் என்று சொல்லித் தம்பி வண்டியை வாங்கிப் போனான். ரீமேப் செய்கிற கடையில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் சொருகி, எஞ்சினுக்குள் இருந்த கணக்கை லேப்டாப்பில் மாற்றி எழுதினார்கள். இனி லேசாக மிதித்தாலே வண்டி பிய்த்துக்கொண்டு போகும். "ஓட்டுறவங்ககிட்ட மறக்காம சொல்லிடுங்க" என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். இவனோ சாவியைக் கொடுக்கும்போது வாயையே திறக்கவில்லை. அம்மா தானாகக் கண்டுபிடித்து அசந்துபோக வேண்டுமாம்.

மறுநாள் காலை அம்மா தெருமுனையில் திரும்பும்போது வழக்கம்போல மிதித்தாள். வண்டி பாய்ந்து எதிரே மருந்துக்கடைச் சுவரில் முட்டி நின்றது. விளக்கு உடைந்ததோடு சரி. ஆனால் இரண்டு முழம் தள்ளி ஒரு பெண், தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் திட்டவில்லை. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாளாம்.

நடந்தே வீட்டுக்கு வந்த அம்மா சாவியை என் கையில் வைத்தாள்.

"கால் நான் சொன்னபடி கேக்கலடி. வயசாயிடுச்சு. இனிமே எனக்கு வண்டி வேணாம்."

தம்பி பேயறைந்தவன் மாதிரி நின்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பயந்தாங்கொள்ளி, வாயைத் தைத்துக்கொண்டான். அம்மா அடுப்படியில் நின்றபடி வலது காலைத் தூக்குவாள், வைப்பாள், அழுத்திப் பார்ப்பாள். அதைப் பார்த்துக்கொண்டே அவன் சாப்பிட்டான்.

ஒருநாள் அவள், காலில் ஆறாத புண்ணோடு இருந்த ஒரு பெரியவருக்குப் போன் செய்து வேறு நர்ஸைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். "உங்க காலைப் பாக்க வந்தவளுக்கே இப்ப கால் சரியில்லீங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் தம்பி என்னைத் தனியாக இழுத்துப் போய் எல்லாவற்றையும் கக்கினான். ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது எனக்கு. அன்றே வண்டியோடு அதே கடைக்கு அவனை இழுத்துப் போனேன். பழைய கணக்கைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதையே திரும்ப ஏற்றினார்கள்.

அன்று சாயங்காலம் அவன் அம்மாவிடம் சொன்னான். அவள் கத்தவில்லை.

"அப்ப நான் சரியாத்தான் மிதிச்சேனா?"

"ஆமாம்மா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாத்து மிதிச்சிருப்பேனேடா."

"இப்ப பழையபடி மாத்தியாச்சும்மா. சத்தியமா. ஓட்டிப் பாரும்மா."

அம்மா போய் உட்கார்ந்தாள். கண்ணாடியைச் சரிசெய்து எஞ்சினைக் கிளப்பினாள். அவள் ஓட்டிவிட வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கால் ஆக்சிலேட்டருக்கு மேலே அந்தரத்தில் நின்றது. இறங்கவே இல்லை.

"கோவமெல்லாம் இல்லடா. மிதிக்கலாம்னு நெனச்சாலே அந்தக் குழந்தை தலைதான் கண்ணுல வருது."

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள்.

"நான் இருக்கேன்லம்மா," தம்பிக்குக் குரல் உடைந்தது. "எப்ப கூப்பிட்டாலும் வரேன். எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போறேன்."

அம்மா அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"வருவடா, எனக்குத் தெரியும். ஆனா இத்தனை நாளா நான் யாரையும் கூப்பிடாமதானே போயிட்டு வந்தேன்."