இடப்பக்கத்துக் காவிரி

திருக்காட்டுப்பள்ளியில் மருந்துக்கடை வைத்திருக்கும் குந்தவைக்குக் கழுத்து இடப்பக்கம் திரும்பாது. கல்லூரி நாளில் மொபெட்டிலிருந்து விழுந்ததன் மிச்சம். அந்தப் பக்கம் நின்று யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பித்தான் பார்ப்பாள்.

ஆனாலும் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அவளைக் கரையில் நிறுத்த முடியாது. விடிந்ததும் கணவர் துரைராசுவோடு தென்கரைப் படித்துறைக்குப் போவாள். முதலில் இறங்குவது அவள்தான். சுடிதாரோடு குப்புற விழுந்து, கை மாற்றிக் கை வீசி, நீரோட்டத்தோடு கிழக்கே அடுத்த படித்துறை வரை நீந்துவாள். அரை கிலோமீட்டர் இருக்கும். மூச்சு வாங்க முகம் வலப்பக்கம் மட்டுமே எழும். ஒரு தென்னை தெரியும். பிறகு பச்சைத் தண்ணீர். ஒரு கல்படி, மறுபடி பச்சை. பாதி உறக்கத்தில் போவது போலிருக்கும். படியேறித் திரும்பிப் பார்த்தால் துரைராசு பின்னால் வந்துகொண்டிருப்பார்.

"வயல்ல இருக்குற சுறுசுறுப்பு தண்ணியில இல்லியே உங்களுக்கு!" என்பாள். சொந்தக்காரர்கள் முன்னால்கூடச் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே துண்டைப் பிழிவார்.

இந்த ஆண்டு ஆனியில் கழுத்துவலி விரல்நுனி வரை இறங்கியது. தஞ்சாவூரில் ரோஹிணி என்ற பிசியோதெரபிஸ்டிடம் போனாள். முப்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நீச்சல் பைத்தியம் உண்டு. குந்தவை நீந்தும் விதத்தைக் கைவீசிக் காட்டச் சொன்னாள்.

"கழுத்தைத் திருகி மூச்சு வாங்குறீங்க. அது கழுத்தோட வேலையே இல்லக்கா. இடுப்புலேர்ந்து உடம்பு மொத்தமா ஒருபக்கம் சாயணும். தோளும் கூடவே வரும். தலை சும்மா இருந்தா போதும், வாய் தானா வெளியில வந்துடும்."

"இடப்பக்கமும் வருமா?"

"படுங்க, பாப்போம்."

கட்டிலில் குப்புறப் படுத்தவளின் இடுப்பைப் பிடித்து ரோஹிணி மெல்ல உருட்டினாள். வெள்ளத்தில் மிதக்கும் மரம் புரள்வது போல உடம்பு புரண்டது. கழுத்து அசையவேயில்லை. ஆனால் இடப்பக்கச் சுவரின் காலண்டர் கண்ணுக்கு நேரே வந்து நின்றது.

"இன்னொண்ணுக்கா. ஒரே பக்கம் சாஞ்சு நீந்துறதால உங்க இடக்கை சரியா இழுக்காது. வலக்கை இழுவைதான் ஜாஸ்தி. அப்படியே இடப்பக்கம் ஒதுங்கிப் போயிடுவீங்களே?"

"இல்லியே. நேராத்தான் போவேன்."

ரோஹிணி புருவத்தை உயர்த்தினாள்.

ஆறு வாரம் பயிற்சி நடந்தது. ஆடி பாதியானபோது குந்தவை ஆற்றில் இறங்கினாள். முதல் சில வீச்சுகளில் மூக்கில் தண்ணீர் ஏறியது. பிறகு இடுப்பு தன் வேலையைக் கண்டுகொண்டது. வலக்கை முன்னால் நீள நீள, இடத்தோள் தானாக நீரைவிட்டு எழுந்தது. அதோடு முகமும் எழுந்தது.

அகலமான வெளிச்சம். நீர்மேல் நெளிந்த இளவெயில். தூரத்தில் வடகரை மூங்கில்கள். அவள் நீந்தும்போது ஒருநாளும் பார்த்திராத காவிரி.

அதற்கும் முன்னால், ஒரு கை தூரத்தில், துரைராசுவின் முகம்.

அவர் ஒருக்களித்து நீந்திக்கொண்டிருந்தார். போகும் திசையைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உடம்பு அவர் பக்கம் ஒதுங்கியபோது, முன்கையை அவள் முழங்கையில் பட்டும் படாமலும் வைத்துத் தள்ளினார். அந்தத் தொடுகையை அவளுக்குப் பதினைந்து ஆண்டுகளாகத் தெரியும். நீரோட்டம் என்று நினைத்திருந்தாள்.

குந்தவை கைவீச்சை நிறுத்தி, காலால் தண்ணீரை மிதித்து நின்றாள்.

"எவ்வளவு நாளா இந்தப் பக்கம் வர்றீங்க?"

அவர் முகத்தை வழித்துக்கொண்டார். "கல்யாணம் ஆனதுலேர்ந்துதான். விட்டா நடு ஆத்துக்குப் போயிடுவ. அங்க மணல் எடுத்த பள்ளம், சுழல் வேற."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ இறங்கவே மாட்ட. ஆடி முழுக்க உன்னைய வீட்டுல வச்சு யாரு சமாளிக்கிறது?"

"படித்துறை வந்ததும் பின்னாடி போயிடுவீங்களே, அது?"

"முதல்ல ஏறுனா உனக்கு ஒரு சந்தோஷம்."

அவளுக்குக் கோபம் வரும்போல இருந்தது, வரவில்லை. சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்து காது சூடேறியது. மறுபடி குப்புற விழுந்து நீந்தத் தொடங்கினாள்.

தூளி ஆடுவது போல உடம்பு இப்படியும் அப்படியும் சாய்ந்தது. ஒரு மூச்சுக்குத் தென்னை, மறு மூச்சுக்கு அவர். இரண்டு கையும் ஒரே அளவு இழுத்ததில் அவள் நூல் பிடித்தாற்போலப் போனாள். அவர் தொட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருவருக்கும் நடுவே ஒரு சாண் தண்ணீர் அப்படியே கூட வந்தது.

வழக்கமான படித்துறை வந்தது. இருவரும் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போனார்கள். கொஞ்ச தூரம் போனதும் குந்தவை மெல்ல இடப்பக்கம் ஒதுங்கி அவர் தோளில் இடித்தாள்.

"இப்பதான் நேரா போறியே, அப்புறம் என்ன?" என்றார் அவர், வாய்த் தண்ணீரைத் துப்பிவிட்டு.

"ஆறு இழுக்குதுங்க" என்றாள் குந்தவை.